சாட்சி அண்ணன் சொல்லாமல் விட்டது

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் சம்பளச் சீட்டிலும் அது பத்திரமாக இருந்தது. மற்றபடி சபையில் பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவர் சாட்சி அண்ணன்தான். மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மைகளைச் சபை முன் எடுத்துச் சொல்லும் நேரம் வந்து, "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று போதகர் கேட்டு வாயை மூடுவதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகரும். யாருடைய நாற்காலி என்று ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருடமாக உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதனால் அவருடைய சாட்சிகளிலும் லிஃப்ட் வராமல் இருக்காது. பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் நிறைமாதக் கர்ப்பிணி மாட்டிக்கொண்டது, டார்ச் அணைந்த இருட்டில் கை சரியான ஒயரைத் தொட்டது, அறுந்துபோகிற நிலையில் இருந்த கம்பிவடம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் இரண்டு கைகளையும் விரித்து, குரல் தழுதழுக்க, கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கும்படி சொல்வார். சொல்லச் சொல்ல மாடிகளின் எண்ணிக்கையும் கூடும். போன வருடம் ஐந்தாம் மாடியில் நின்ற லிஃப்ட் இந்த வருடம் ஒன்பதாம் மாடியில் நிற்கும். ஆள் உண்மையானவர், மாடிதானே கூடுகிறது என்று சபையார் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

ஒன்றில் மட்டும் மகா கண்டிப்பு. அவருடைய சாட்சிக்குள் மனிதர் யாரும் வரக் கூடாது. சபையில் சேர்ந்த புதிதில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கம்பியிலிருந்து தன்னை இழுத்துப் போட்ட மேற்பார்வையாளருக்கு நன்றி சொல்லி ஒரு சாட்சி சொன்னார். ஆராதனை முடிந்ததும் மூத்த விசுவாசி ஒருவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, ஆண்டவருக்குப் போக வேண்டிய மகிமையில உங்க மேலதிகாரிக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடுத்துட்டீங்களே," என்றார். சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து டாக்டரானாலும் சரி, கூட வேலை பார்ப்பவரானாலும் சரி, ஒருவருக்கும் அவர் வாயிலிருந்து ஒரு துண்டும் கிடைத்ததில்லை.

அந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் செல்லும். சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணை மூடி, கொடுத்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் செய்வார். சமைத்த மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு ஒன்றும் கிடையாது. மகன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அந்த மேசையில் இரண்டே பேர். அவர் ஜெபிப்பார், அவள் ஆமென் சொல்வாள், பிறகு பரிமாறுவாள். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே பார்த்துச் சொல்வதென்றால் நன்றி மடை திறந்து கொட்டும். பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர்தான் போன வருடம் விழுந்தார். ஒரு வணிகக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தடுப்புக் கம்பியின் போல்ட் கழன்று, இரண்டு மாடி ஆழத்துக்கு நேராகக் கீழே போனார். இரண்டு கால்களும் இடுப்பெலும்பும் முறிந்தன. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் மாடி, நாற்பத்து மூன்று நாள். அசையாமல் மல்லாந்து கிடந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் கூரையும் மின்விசிறியும்தான். மனைவி காலையும் மாலையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வருவாள். வந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாள். கவலையில் இளைத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவள் மூச்சு சீரானதும் முதல் கேள்வி தயாராக இருக்கும்.

"லிஃப்ட் எப்படி ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது."

"கதவு சத்தம் போடுதா?"

"கொஞ்சம் போடுது."

"கர்ருன்னா, டக்குன்னா?"

அவள் சற்று யோசித்து, "கர்ருன்னு," என்பாள்.

"உருளை தேஞ்சிருக்கும். எண்ணெய் போட்டா சரியாகாது, மாத்தணும். நர்ஸ்கிட்ட சொல்லிவை."

"சொல்றேன்."

படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதருக்கு அது எவ்வளவு தெம்பு என்று சொல்லி முடியாது. கட்டிலில் கிடந்தபடியே ஒரு லிஃப்டுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் நோயாளிகளுக்கென்று இருந்த பெரிய லிஃப்டில் தள்ளுபடுக்கையோடு இறக்கினார்கள். பார்வையாளர் லிஃப்டை ஒரு முறை கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று வழிநெடுக அவருக்கு ஒரே குறை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு ஆரம்பமானது. அவருடைய உடம்பு, மனைவி ஒருத்தியால் புரட்டக்கூடிய உடம்பு இல்லை. அவளுக்கு ஒரே தம்பி, இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தான். எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அதனால் ஆறரைக்கு இங்கே வந்துவிடுவான். முதல் வேலையாக மாமாவுக்கு ஷேவ். கத்தி கழுத்தில் இருக்கும்போது யாராலும் "வேண்டாம், வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிக்க முடியாதல்லவா? அந்த நேரம் பார்த்து, அடுத்து நடக்கப்போகிறதைச் சொல்லிவிடுவான். "இது முடிஞ்சதும் பெட்பேன் வைக்கிறேன் மாமா. அப்புறம் உடம்பு துடைச்சிடலாம்." துடைக்கும்போதும் தூக்கும்போதும் அவன் கண் ஜன்னல் பக்கம்தான் இருக்கும். வாய் மட்டும், தலையில் மொத்தமே பதினைந்து முடியை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வந்து புது மாதிரியாக வெட்டச் சொல்லும் வாடிக்கையாளர் ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். நாலு மாதம், ஒரு நாள் தவறவில்லை.

இவனைச் சபையில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. சலூனுக்கு அறுவடை நாளே ஞாயிறுதான். கடை திறந்த பதினாறு வருடத்தில், கல்யாணம் சாவு என்று வந்தாலொழிய அவன் ஆலயப் பக்கம் தலைகாட்டியதில்லை.

டாக்டர் சக்கர நாற்காலியில் வெளியே போகலாம் என்று சொன்னதும், சாட்சி அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதக் கடைசி ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஆலயத்துக்குப் பதினொரு படி. "நான் தூக்கிட்டுப் போறேன் மாமா," என்றான் மச்சான். அந்த ஞாயிறு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 'இன்று விடுமுறை' என்று எழுதிக் கடைக் கதவில் ஒட்டினான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நாற்காலியோடு அவரைப் படியேற்றி, சாட்சி நேரம் வந்ததும் மைக் வரை தள்ளிக்கொண்டு போய், தரை சற்றுச் சரிவாக இருந்ததால் நாற்காலி உருண்டுவிடாமல் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றான்.

அன்று சொன்ன மாதிரி அவர் என்றைக்குமே சாட்சி சொன்னதில்லை. அவர் விழுந்த லிஃப்ட் குழியின் ஆழம் நாலு மாடியாகியிருந்தது. "அந்தக் குழிக்குள்ள கிடந்தப்போ என் பக்கத்துல ஒரு மனுஷனும் இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு மனுஷனும் இல்ல. மாசக்கணக்கா படுக்கையில கிடந்தேன், என்னைத் தொட்டுத் தூக்க ஒரு மனுஷக் கை கிடையாது. கர்த்தருடைய கை ஒண்ணுதான்!" சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆராதனை முடிந்ததும் அதே கையால் அவரைப் படியிறக்கி வீட்டில் கொண்டுவந்து விட்டான். அக்கா தேநீர் போடப் போனாள். "வேணாங்க்கா, கடை திறக்கணும்," என்று போய்விட்டான். திங்கட்கிழமை ஆறரைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. இதற்குள் இரண்டு ஊன்றுகோலை வைத்து நிற்கப் பழகியிருந்த சாட்சி அண்ணன், தானே ஷேவ் செய்து முகவாயில் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டார்.

அதைவிட விசித்திரம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அவர் ஜெபித்து முடித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆமென் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். புதன்கிழமை கேட்டே விட்டார்.

"தொண்டை கட்டிக்கிச்சா உனக்கு?"

"இல்லையே."

"பின்ன ஏன் ஆமென் சொல்லல? மூணு நாளா நானே ஜெபிச்சு நானே ஆமென் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நான்தான் இல்லையேங்க. ஒரு மனுஷனும் இல்லன்னு மைக்குல சொன்னீங்க. இல்லாதவ எப்படி ஆமென் சொல்வா?"

"ஆண்டவரோட மகிமையைப் பங்கு போடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார்.

"ரெண்டு பேருக்கு நன்றி சொன்னா அவருக்குக் குறைஞ்சு போயிடுமா? அவ்வளவு கொஞ்சமாவா வச்சிருக்கார்?" என்றாள். அவள் குரலை உயர்த்துகிறவளே இல்லை. அன்று உயர்ந்தது, உடனே உடைந்தும் போனது. "என்னை விடுங்க. அவன் கடைய மூடிட்டு வந்தான். இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்கிறான். எனக்குக் கூடப்பிறந்ததுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"அடுத்த மாசம் மைக்குல திருத்திச் சொல்லிடறேன்."

"மைக்குல பேச உங்களுக்கு யாராவது சொல்லித் தரணுமா? முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அதுதானே வராது! இரண்டு நாள் அவர் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். யார் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கும். வாழ்நாளெல்லாம் நன்றி சொல்வதில் பேர் வாங்கிய மனிதர், நன்றி சொல்லத் தெரியாமல் தவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். மனைவி தடுக்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெருவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் மூன்று வீட்டுச் சுவரில் சாய்ந்து இளைப்பாறினார். "மச்சான், நீ செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாராட்டு விழாவில் யாரோ காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி அவர் காதுக்கே கேட்டது.

சலூனில், தொப்பி போட்ட ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. மச்சான் நிமிர்ந்து பார்த்தான். ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"கட்டிங்கா, ஷேவிங்கா சார்?" என்று கேட்டான்.

சார்! அந்த ஒரு சொல் வலித்த அளவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோதுகூட அவருக்கு வலித்திருக்காது. "ஷேவிங்," என்றார் மென்று விழுங்கி. துணியைப் போர்த்தி, நுரை தடவி, கத்தியைத் தீட்டினான். கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிந்தன. அவர் வாயைத் திறந்தார், ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி திறந்தார், நுரைதான் உள்ளே போயிற்று. கத்தி கன்னத்தில் இறங்கத் தொடங்கியதும் வேறு வழி தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கிவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, போர்த்திய துணிக்குள்ளே கைகளைக் கூப்பினார்.

"ஆண்டவரே," என்றார் உரக்க. "இந்த மச்சானுக்காக ஸ்தோத்திரம்."

கத்தி நின்றது.

"தினமும் ஆறரைக்கு வந்தான் ஆண்டவரே, தன் பிள்ளைங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. முதல்ல ஷேவ் பண்ணுவான். அதுக்கப்புறம் நடக்கறது எனக்கு வெட்கம்னு அவனுக்குத் தெரியும். பெட்பேன் வைக்கறப்போ ஜன்னலைப் பார்த்துக்கிட்டு அந்தப் பதினஞ்சு முடிக்காரர் கதையச் சொல்வான். ஒரே கதைய நூறு தடவை சொல்லியிருப்பான். என் முகத்தைப் பார்க்காம இருக்கத்தான் சொல்றான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் நான் ஒரு வார்த்தை சொல்லல."

"மாமா, வாய ஆட்டாதீங்க. வெட்டிடும்," என்றான் மச்சான்.

"வெட்டட்டும். ஆண்டவரே, ஒரு நாள் வலி தாங்காம மக்குல இருந்த தண்ணிய அவன் மேல ஊத்திட்டேன். சட்டையப் பிழிஞ்சு போட்டுக்கிட்டு, மறுநாளும் ஆறரைக்கு வந்தான். நீர் அனுப்பின கைய, இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னேன் ஆண்டவரே. உம்ம வீட்டுல, உம்ம மைக்குல நின்னு சொன்னேன். என்னை மன்னியும். அவனையும் மன்னிக்கச் சொல்லும்."

பெஞ்சில் இருந்தவர் செய்தித்தாளை மெதுவாகக் கீழே இறக்கினார். தொப்பியைக் கழற்றினார். தலையில் பதினைந்து முடிக்கு மேல் இருந்தால் ஆச்சரியம்.

"ஏம்ப்பா," என்றார் கடைக்காரனைப் பார்த்து, "அது நானா?"

மச்சானுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே மறுபடி சிரித்தான். சாட்சி அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், நுரையில் கண்ணீர் கோடு போட. "சார்னு கூப்பிட்டுட்டியேடா," என்றார்.

"தப்புதான் மாமா. மனசு தாங்கல, அதான்," என்று சொல்லி மச்சான் மறுபடி கத்தியை எடுத்தான். மறுகன்னத்துக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டான். "என்கிட்ட சொன்னீங்க, சரி. அக்காகிட்ட சொல்லிட்டீங்களா? அந்த மாடிப்படி ஏறினதுக்கு?"

"எந்த மாடிப்படி?"

"ஆஸ்பத்திரி மாடிப்படி. வந்துபோறவங்களுக்கு இருந்த லிஃப்ட் அந்த நாற்பத்து மூணு நாளும் ஓடவே இல்லையே. கதவுல அட்டை தொங்கிச்சு. அக்கா படியேறித்தானே வந்தாங்க, தினம் ரெண்டு வேளை."

"கர்ருன்னு சத்தம் போடுதுன்னு சொன்னாளே," என்றார் சாட்சி அண்ணன் பரிதாபமாக.

"பின்ன என்ன சொல்வாங்க? லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நீங்க கட்டுப் போட்ட காலோட எழுந்து போயிடுவீங்க. கிடந்த கிடையில உங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்னு அக்கா சொன்னாங்க. கடையில வந்து உக்கார்ந்து என்கிட்ட கேப்பாங்க, 'இன்னைக்கு என்ன சத்தம்டா சொல்லட்டும்?'னு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு வாங்க நின்றதெல்லாம் இப்போது கண்முன் வந்தது. தான் கேட்டது அத்தனையும் கதவைப் பற்றி. உனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாம். துணிக்குள் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது, பிரித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"நாளைக்கு ஆறரைக்கு வரேன்," என்றான் மச்சான், முகவாயில் இருந்த வெட்டுக் காயங்களைப் பார்த்துத் தலையை ஆட்டியபடி. "ஷேவ் மட்டும்."

வீடு திரும்பும்போது மணி ஒன்று. மனைவி அவருடைய மழித்த முகத்தைப் பார்த்தாள், எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. தட்டுகளை வைத்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடினார். வழக்கமான ஜெபம் வரவில்லை. அவள் பெயரைச் சொன்னார். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே அபூர்வம். ஜெபத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"...இவளை எனக்குத் தந்ததுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. நாற்பத்து மூணு நாள், தினம் ரெண்டு வேளை, சாப்பாட்டையும் வெந்நீரையும் தூக்கிக்கிட்டு ஏழு மாடி ஏறி வந்தா. ஓடாத லிஃப்டுக்கு நான் உருளை மாத்தச் சொன்னேன். சரின்னா. நான் தளர்ந்துடக் கூடாதுன்னு சத்தத்தைக்கூட யோசிச்சு யோசிச்சு சொன்னா. யாருமே இல்லன்னு நான் சொன்னப்போ இவ மூணாவது வரிசையில உக்கார்ந்திருந்தா."

அதற்கு மேல் மேலே பார்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தார். அவளும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நன்றிம்மா," என்றார் அவள் முகத்தைப் பார்த்து. நாக்கு ஒட்டத்தான் செய்தது, இருந்தாலும் சொல்லிவிட்டார்.

ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

"எட்டு," என்றாள் அவள்.

"என்னது?"

"ஏழு இல்லைங்க, எட்டு மாடி. வெந்நீர் தரைக்குக் கீழ இருக்கிற கேன்டீன்லதான் கிடைக்கும். அங்கிருந்து எண்ணினா எட்டு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாடியைக் குறைத்துச் சொல்லிவிட்ட சாட்சி அண்ணன், அவசரமாக மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எட்டு மாடி, ஆண்டவரே," என்று திருத்திச் சொன்னார்.

"ஆமென்," என்று சொல்லிவிட்டு அவள் அவர் தட்டில் பரிமாறத் தொடங்கினாள்.